இலையை விட்டு மூட்டைக்கு: நடக்காத ஓர் உணவுத் திருவிழாவின் இலச்சினை குறித்து

கற்பனையான ஓர் உணவுத் திருவிழாவுக்கு இலச்சினையும் சுவரொட்டியும் வடிவமைத்து வருக என்பது, வரைகலை பயிலும் மாணவர்க்கு எங்கும் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று. கொச்சியில் பயிலும் தமிழ் மாணவர் சிலர் இப்பயிற்சிக்கென வரைந்த முன்வரைவுகளை அண்மையில் பார்த்தேன். விழாவின் களம் மட்டாஞ்சேரி. பெரும்பாலான வரைவுகளில் வாழையிலை, அதன்மேல் ஒரு கரிமீன், பின்னால் சீன வலை. எஞ்சியவற்றில் கதகளி முகம், அதன் வாயருகே ஒரு கரண்டி. கோடுகள் சுத்தமாக இருந்தன, நிறத்தேர்வும் நன்று. ஆயினும் அவற்றில் எதையும் எடுத்துக் குமரகத்திலோ கோவளத்திலோ ஒட்டினால் எவரும் வேறுபாடு காணார்.

பொது விளம்பரங்களில் இடங்கள் எவ்வாறு படமாகின்றன என்பதை ஏலூரில் தங்கி ஆராய்ந்துவரும் எனக்கு, இது மாணவர் குறையாகத் தோன்றவில்லை. சுற்றுலாத் துறையும் விடுதிகளும் விமான நிலையச் சுவர்களும் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்த பாடத்தை அவர்கள் ஒப்புவித்திருக்கிறார்கள், அவ்வளவே. என் வியப்பு வேறு. மெய்யான விழாவுக்கு வரைபவர்க்குப் புரவலர் உண்டு, அதிகாரிகள் உண்டு, அச்சகத்தின் கெடு உண்டு. கற்பனை விழாவுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. விரும்பியதைச் சொல்ல இத்தகைய வாய்ப்பு ஒரு வரைகலைஞருக்குத் தொழில்வாழ்வில் மீண்டும் கிட்டுவது அரிது. அந்த வெற்றிடத்தையும் நாமே வாழையிலையால் மூடிவிடுகிறோமே, ஏன்?

இலைக்கு மாற்றாக நான் முன்வைப்பது மூட்டை. சணல் சாக்கில் கட்டிய, வாய் தைத்த, மேலே கருமையால் முத்திரை குத்திய மூட்டை. அதற்கான காரணங்களைக் கீழே வரிசைப்படுத்துகிறேன்.

1. இலச்சினை என்பது அழைப்பு

உணவு விழாவின் இலச்சினை பசியைத் தூண்டும் படம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்னரே அது ஓர் அழைப்பு. அழைப்பு என்றால் அழைக்கப்படுவோர் உளர். அழைப்பிதழில் பெயர் விடுபட்டோரும் உளர். திருமண அழைப்பிதழில் ஒரு தாய்மாமன் பெயர் விடுபட்டால் நம் ஊர்களில் என்ன நிகழும் என்பதை அறிந்த எவர்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

2022 மே மாதத்தில் ஆம்பூரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அங்கே பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு பெறும் எண்ணமும் அதன் பின்னணியில் இருந்தது. அறிவிக்கப்பட்ட வகைகளில் கோழி இருந்தது, ஆடு இருந்தது. மாட்டிறைச்சிப் பிரியாணி இல்லை. ஆம்பூரின் தெருக்களில் நாள்தோறும் விற்கப்படும் உணவு, ஆம்பூரின் பெயரால் நடக்கும் விழாவில் இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. அரசே நடத்தும் விழாவில் இவ்விலக்கம் பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவு விழாவிலும் இதே வினா எழுந்தது. 2023 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவின் பந்தியில் சைவ உணவு மட்டும் பரிமாறப்படுவது குறித்த சர்ச்சையும் இவ்வகையினதே.

இந்நிகழ்வுகளை வெறும் பட்டியல் தகராறு என்று கடந்துவிடுகிறோம். வரைகலைக் கண்ணோடு நோக்கினால் அவை இலச்சினைத் தகராறுகள். ஓர் ஊரின் பெயரை எழுதி அதனருகே ஓர் உணவை வரைந்தால், 'இவ்வூர் என்பது இதுவே' என்று கையொப்பமிடுகிறோம். வாழையிலையும் அத்தகைய கையொப்பமே. இலை எல்லார்க்கும் பொது என்று சொல்லலாம். ஆயினும் கேரள விளம்பரங்களில் இலை என்றால் ஓணச் சத்தி என்றும், சத்தி என்றால் சைவம் என்றும் கண் தானே படித்துக்கொள்ளும் அளவுக்கு அது பழகிவிட்டது. அதன்மேல் கரிமீனை வைத்தால் படிப்பு சற்றே விரியும், அவ்வளவுதான்.

2. மட்டாஞ்சேரி ஒரு தட்டில் அடங்காது

மட்டாஞ்சேரியை அறியாத நண்பர்களுக்காகச் சில செய்திகள். முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் இங்கே சில சதுர கிலோமீட்டருக்குள் வாழ்வதாகப் பொதுவாகச் சொல்வர். எண்ணிக்கை எதுவாயினும் காலால் நடந்து சரிபார்க்கக்கூடிய ஊர் இது. 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியிலிருந்து புறப்பட்டால், மிளகு, இஞ்சி, சுக்குக் கிடங்குகளைத் தாண்டிக் குஜராத்தித் தெருவின் இனிப்புக் கடைகளை அடையலாம்; அருகே சமணர் கோயில். செர்லாய்ப் பக்கம் திரும்பினால் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதரின் திருமலை தேவஸ்வம் கோயிலும் அவர்களது அப்பளக் கடைகளும். கச்சு மேமன்கள், தக்கினி பேசுவோர், தமிழ்ப் பிராமணர், இலத்தீன் கத்தோலிக்கர், ஆங்கிலோ இந்தியர் எனத் தொடரும் இவ்வரிசை. புதுச் சாலையின் பிரியாணியும், முஸ்லிம் வீடுகளின் இறைச்சிச் சோறும், கொங்கணி வீட்டுப் பருப்புத் தோயும் ஒரே நண்பகலில் கொதிக்கும் ஊர். டச்சுக்காரர் விட்டுச்சென்ற புரூடர் என்னும் ரொட்டி இன்றும் கோட்டைக் கொச்சியில் கிடைக்கிறது. இலங்கைப் பறங்கியர் வீடுகளிலும் அது அதே பெயரோடு கிறிஸ்துமஸ் காலையில் மேசைக்கு வருகிறது.

தமிழ் வாசகர் தனித்துக் கவனிக்க வேண்டிய ஓரிடமும் இங்கே உண்டு. கோட்டைக் கொச்சியின் சலவைத் துறை, அங்குள்ளோர் மொழியில் தோபிக் கானா, தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தாரது. டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுக்க அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. இன்று சுற்றுலாப் பயணிகள் அங்கே வந்து துணிக்கொடிகளைப் படம் எடுக்கின்றனர். கையேடுகளிலும் துணிக்கொடிகள் உண்டு; அவ்வீடுகளின் சோற்றுப் பானை இல்லை. முந்நூறு ஆண்டுகள் ஓரூரின் அழுக்கை வெளுத்தவர்கள் அவ்வூரின் உணவு விழாவில் விருந்தளிப்போராக எண்ணப்படுவார்களா, காட்சிப் பொருளாக மட்டும் இருப்பார்களா? இலச்சினை வரைபவர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. தவிர்ப்பதும் ஒரு விடையாகிவிடும்.

இதைவிடப் புதிய வருகையாளர்களும் உளர். கேரளத்து உணவகங்களின் சமையற்கட்டுகளில் அசாம், வங்காளம், ஒடிசா, நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து வந்தோர் பெருந்தொகையாக உழைக்கின்றனர். கேரள அரசு அவர்களை 'அதிதித் தொழிலாளர்' என்று அழைக்கிறது. மதிப்பு மிகுந்த சொல்தான். ஆனால் விருந்தினர் என்று பெயரிடப்பட்டவரே விருந்தைச் சமைத்து, பரிமாறி, பாத்திரத்தையும் கழுவும் இவ்விசித்திரத்தை எந்த இலையில் வரைவது?

முப்பது சமூகத்துக்கும் முப்பது உணவை வரைவது விடையாகாது. அது பட்டியலாகும், இலச்சினை ஆகாது. மேலும் அடுத்த ஆண்டு முப்பத்தொன்றாவது சமூகத்தார் வந்து நிற்பர். ஆகவே உண்ணப்படும் பொருளை வரைவதைக் கைவிட்டு, எல்லார் உணவும் எதன் வழியாக இங்கே வந்து சேர்ந்ததோ அதை வரைய வேண்டும் என்கிறேன். கொச்சி 2018ஆம் ஆண்டின் இருபதாண்டு அல்லாத ஈராண்டுக் கலைவிழாவில், அதாவது முசிறிப் பியனாலேயில், இதற்கு ஒரு முன்மாதிரி கண்டது. அனுமித்ரா கோஷ் தஸ்திதாரின் முன்னெடுப்பில் கப்ரால் வளாகத்தில் நடந்த 'உண்ணத்தக்க ஆவணங்கள்' என்னும் படைப்பு, பல வகை நாட்டு நெல்லரிசிகளைச் சமைத்துப் பரிமாறியது. ஒரு பகுதியின் புகழ்பெற்ற பதார்த்தத்தை முன்னிறுத்தாமல் அரிசிமணியை முன்னிறுத்தியதே அதன் துணிவு.

3. ஏலூர் என்ற பெயர்

விழாவை மட்டாஞ்சேரியோடு நிறுத்தாமல் 'ஏலூர் – மட்டாஞ்சேரி உணவுத் திருவிழா' என்று வைத்துக்கொள்ளுமாறு அம்மாணவரிடம் சொன்னேன். சிரித்தார்கள். கொச்சியில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பே எழும். 'ஏலூர் மீன்' என்று பலகை எழுதி வைத்தால் வாங்குவோர் உளரா? அச்சிரிப்பில் நான் தேடும் உண்மை இருக்கிறது.

ஏலூர், பெரியாற்றின் கிளைகளுக்கு இடைப்பட்ட தீவு. இதற்கும் மட்டாஞ்சேரிக்கும் உள்ள உறவு சாலையால் ஆனதன்று, நீரால் ஆனது. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அவ்வாறாயின் மட்டாஞ்சேரிச் சந்தையே இவ்வாறு தந்ததுதான். அதற்கும் முன்னர், யவனரின் கலங்கள் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற ஆறாக அகநானூற்றின் 149ஆம் பாட்டு காட்டுவதும் இப்பேரியாற்றையே.

இருபதாம் நூற்றாண்டில் ஏலூரின் வேலை மாறியது. 1942இல் பர்மா அரிசி நின்றபின் திருவிதாங்கூர் கடும் பஞ்சத்தைக் கண்டது. அக்காலச் சூழலில் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 1943இல் ஃபாக்ட் உரநிறுவனம் பிறந்து, 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. தஞ்சையிலோ ஈரோட்டிலோ வயல் வைத்திருப்போர் பலர் ஏலூரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்; ஆனால் ஃபாக்டம்பாஸ் மூட்டையை அறிவார்கள். 20:20:0:13 என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்களையும் அறிவார்கள். எண்பது ஆண்டுகளாகத் தென்னாட்டுச் சோற்றில் ஏலூருக்கு ஒரு பங்கு உண்டு. எந்த உணவு விழாவும் அப்பங்கை ஏற்றதில்லை.

அப்பங்குக்கு ஏலூர் கொடுத்த விலையும் உண்டு. உரம், பூச்சிக்கொல்லி, காரவேதிப் பொருள்கள், அரிய மண்தனிமங்கள் என ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் ஏலூரிலும் எதிர்க்கரையின் எடயாரிலும் எழுந்தன. 2024 மே 20, 21 ஆகிய நாள்களில் பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர்ப் பகுதிகளில் கூண்டில் வளர்க்கப்பட்ட மீன்களும் மடிந்தன. கடன்பட்டுக் கூண்டு அமைத்த குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் வெளுத்தது. மழையை ஒட்டிப் பாதாளம் தடுப்பணையின் அடைப்புகள் திறந்தபின் நீரில் உயிர்வளி குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் மிகுந்திருந்ததைச் சுட்டியது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. விளக்கங்கள் இரண்டு, செத்த மீன் ஒன்றே.

கரிமீன் 2010 முதல் கேரளத்தின் மாநில மீன். சுவரொட்டியின் இலைமேல் அது எப்போதும் பொன்னிறமாகப் பொரிந்து கிடக்கிறது. எந்த நீரிலிருந்து வந்தது என்ற வினா எழாதவாறு அதைச் சுற்றி எலுமிச்சைத் துண்டுகள் வைக்கப்பட்டுள்ளன. இதனால்தான் இலைமேல் மீன் என்ற படத்தை ஏற்க இயலாது என்கிறேன். அழகு குறைந்தது என்பதற்காக இல்லை, ஆற்றை மறைப்பதற்காக.

4. மூட்டை என்னும் விடை

புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர் முசிறியைச் சொல்லும் முறையை வரைகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். மீனைக் கொடுத்துப் பெற்ற நெல்லின் குவியலில் தொடங்குகிறார். வீடுகளில் குவிந்த மிளகு மூடைகளுக்குச் செல்கிறார். கலங்கள் தந்த பொன் உப்பங்கழித் தோணிகளால் கரை சேர்வதைக் காட்டுகிறார். மலைப் பொருளும் கடற்பொருளும் கலந்து வருவோர்க்கு வழங்கப்படுவதில் முடிக்கிறார். சமைத்த உணவு எதுவும் மையத்தில் இல்லை. பொருள்கள் கைமாறும் அசைவே அங்கு ஊரின் உருவம். 'மூடை' என்ற சொல்லும் அப்பாட்டிலேயே இருக்கிறது. அத்தனை வளமும் தந்தாலும் தன்னைச் சேராதவனுக்கு இவள் உரியவள் ஆகாள் என்னும் ஒரு வீட்டின் பிடிவாதத்தைச் சொல்லவே அவ்வளம் அங்கே அடுக்கப்படுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். வளத்தைக் காட்டும்போதே அதற்கு ஓர் எல்லையும் உண்டு என்று சொல்லத் தெரிந்த பாட்டு அது.

இனி மூட்டையின் தகுதிகள். முதலாவது, அது எவருடைய உணவையும் விலக்குவதில்லை. அரிசி, பருப்பு, மிளகு, வெங்காயம், தேயிலை, உப்பு, கருவாடு, உரம் அனைத்தும் மூட்டையில் வந்தவையே. கொங்கணியர் அடுப்புக்கும் மேமன் அடுப்புக்கும் அசாமியத் தொழிலாளியின் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் முன்னால் ஒரு மூட்டை நிற்கிறது. இரண்டாவது, அது ஏலூரையும் மட்டாஞ்சேரியையும் ஒரே உருவில் இணைக்கிறது: மேலே உரமூட்டை, கீழே மிளகு மூட்டை, இடையில் ஆறு. மூன்றாவது, அதைப் பார்த்தவுடன் அதைச் சுமப்பவர் நினைவுக்கு வருவார். இலையைப் பார்த்தால் உண்பவர் மட்டுமே நினைவுக்கு வருவார்.

நான்காவது தகுதி தொழில் சார்ந்தது. மாணவர்க்கு இதுவே முதன்மையானது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்கு நெடிய முத்திரை மரபு ஒன்று உண்டு. தகட்டில் எழுத்தை வெட்டி, சாக்கின்மேல் வைத்து, கரும்பூச்சால் தேய்த்துப் பதிக்கும் ஸ்டென்சில் எழுத்து அது. வணிகரின் பெயர்ச்சுருக்கம், சரக்கின் தரம், நிகர எடை, சேரும் துறை ஆகியவற்றை ஒரே நிறத்தில், நெசவு முரடான பரப்பில், பத்தடித் தொலைவிலிருந்து படிக்கும்படி எழுத வேண்டும். இலச்சினைக்கு இன்று நாம் வகுக்கும் விதிகளும் இவைதாமே: ஒரே நிறத்தில் நிற்க வேண்டும், சிறிதாக்கினாலும் சிதையக் கூடாது, எப்பரப்பிலும் பதிய வேண்டும். இவ்விதிகளைக் கணினி வருமுன்பே கைக்கொண்ட வடிவமைப்பாளர்கள் இவ்வூரில் இருந்தனர். அவர்களை எவரும் அப்பெயரால் அழைத்ததில்லை.

ஸ்டென்சிலில் ஒரு சிக்கல் உண்டு. மூடிய சுழியுள்ள எழுத்தை வெட்டினால் சுழியின் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். அது விழாதிருக்கத் தகட்டில் சிறு பாலம் விட வேண்டும். ஆங்கிலத்தில் 'ஓ' போன்ற சில எழுத்துகளுக்கே இத்தொல்லை. தமிழில் ஏலூரின் 'லூ'வுக்கும் மட்டாஞ்சேரியின் 'ஞ்'சுக்கும் பாலம் வேண்டும். வட்டங்களால் ஆன மலையாளத்துக்கோ ஏறத்தாழ ஒவ்வோர் எழுத்துக்கும் வேண்டும். மாணவர் மெய்யாகவே ஒரு தகரத்தில் இவ்விரு பெயர்களையும் வெட்டிப் பார்க்கட்டும். எழுத்துருத் தொகுப்பிலிருந்து இறக்குமதி செய்ய இயலாத வடிவங்கள் கையில் பிறக்கும். இதுவே இவ்விலச்சினையின் தனித்தன்மையாக அமையும். கதகளி முகம் தேவைப்படாது.

5. எதை இலச்சினை ஆக்கக் கூடாது

மூட்டையை முன்மொழிந்தபோது ஒரு மாணவர் உடனே அடுத்த படிக்குச் சென்றார்: துறைமுகத் தொழிலாளரின் 'சாப்ப'வை இலச்சினையாக்கி, விழாவில் உணவு வாங்கும் வில்லையாகவும் அதையே தரலாமே என்றார். கூர்மையான எண்ணம். ஆயினும் அதை எதிர்க்கிறேன். காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

சாப்ப என்பது உலோக வில்லை. அது கையில் இருந்தால்தான் அன்று கப்பலில் வேலை. வேலை இருந்தால்தான் அன்று வீட்டில் உலை. வேலை தேடிக் கூடிய கூட்டத்தின்மேல் ஒப்பந்தக்காரரின் ஆள்கள் அவ்வில்லைகளை எறிவர். பசித்தவர்கள் ஒருவரையொருவர் தள்ளி அதைப் பொறுக்க வேண்டும். இம்முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் உயிரிழந்தனர். கே. எம். சிதம்பரனின் நாடகத்தை அடியொற்றி ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' 2023இல் வெளிவந்தபின் இவ்வரலாறு மலையாளிகளிடையே மீண்டும் பேசப்பட்டது.

அவ்வில்லையை உணவு விழாவில் விளையாட்டுப் பொருளாக விநியோகித்தால், முன்னோர் எதை ஒழிக்கச் செத்தனரோ அதைப் பேரர்கள் நூறு ரூபாய் கொடுத்து வாங்கி மகிழ்வர். நினைவுகூர்தலுக்கும் அலங்கரித்தலுக்கும் இடையே கோடு மெல்லியது. என் அளவுகோல் எளியது: ஒரு பொருள் அதைக் கையாண்டோர்க்கு இழிவாக இருந்து, போராட்டத்தால் ஒழிந்திருந்தால், அதன் இடம் அருங்காட்சியகம், பாடநூல், நாடக மேடை. இன்றும் உழைப்பவர் கையில் கூலியோடும் உரிமையோடும் இருக்கும் பொருளானால், அதைக் கொடியில் ஏற்றலாம். மூட்டை இரண்டாம் வகை. 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் சுமப்போர்க்குப் பதிவும் நலநிதியும் தந்தது. ஒருவர் சுமக்கும் எடையின் உச்ச வரம்பை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைக்கும் திருத்தமும் அண்மை ஆண்டுகளில் வந்தது. ஆகவே மூட்டைமேல் எழுதும் எடை வெறும் எண்ணன்று. ஒரு முதுகு எவ்வளவு தாங்கலாம் என்று சமூகம் செய்துகொண்ட உடன்பாடு.

6. சுவரொட்டியில் என்ன இருக்கும்

இலச்சினை அழைக்கும்; சுவரொட்டி விவரம் சொல்லும். என் பரிந்துரை இது. பின்னணி, சாக்கின் பழுப்பு. எழுத்து, ஒற்றைக் கருமை. அதன் ஊடே மேலிருந்து கீழாக ஒரே ஒரு நீலக் கோடு: பெரியாறு. கோட்டின்மேல் ஊர்ப் பெயர்கள் மட்டும்: ஏலூர், பாதாளம், வராப்புழை, கடமக்குடி, மட்டாஞ்சேரி. கடமக்குடியின் அருகே 'பொக்காளி' என்ற ஒரு சொல் சேரலாம். மழைக்காலத்தில் உவர்நீரைத் தாங்கி விளையும் நெல்லும், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறாலுமாக ஓராண்டை நிரப்பும் வேளாண்மை அது. அந்நீலக் கோடு கெட்டால் முதலில் கெடுவதும் அதுவே.

உணவுக் கடைகளின் பட்டியலில் பதார்த்தத்தின் பெயருக்கு இணையான எழுத்தளவில் சமைப்பவரின் பெயர் வர வேண்டும். 'பாரம்பரியக் கைமணம்' போன்ற சொற்கள் வேண்டா. அவை கையை மறைத்து மணத்தை மட்டும் விற்பவை. மொழிகளைப் பொறுத்தவரை மலையாளமும் ஆங்கிலமும் மட்டும் போதா. தமிழ், கொங்கணி, குஜராத்தி, உருது ஆகியவற்றோடு வங்காளமும் அசாமியமும் ஒடியாவும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்காமல், ஒரே தகட்டு வடிவில் ஒன்பது சுவரொட்டிகளாக அடித்து, அந்தந்த மொழி பேசுவோர் நடக்கும் தெருவில் ஒட்டினால் போதும். எடயார் ஆலை வாயிலில் ஒட்டப்படும் தாளில் முதல் வரி எம்மொழியில் இருக்கிறது என்பதைப் பார்த்தே, அழைப்பு மெய்யா உபசாரமா என்று அங்குள்ளோர் அறிந்துகொள்வர்.

7. எதிர்வாதங்கள்

உணவு விழாச் சுவரொட்டி நாவூறச் செய்ய வேண்டும்; நீங்கள் சொல்வது ஆர்ப்பாட்டத் தட்டி போலன்றோ இருக்கிறது என்று கேட்கலாம். ஞாயமான வினா. மட்டாஞ்சேரிக் கிடங்கு ஒன்றின் வாயிலைக் கடந்தவர் இதற்கு விடை அறிவார். அங்கே பிரித்த மூட்டை ஒன்றின் அருகில் நிற்கும்போது சுக்கும் மிளகும் மூக்கில் ஏறி வாயில் நீரை வரவழைக்கும். பொரித்த மீனின் படத்தால் ஆகாத காரியம் அது. பசி கண்ணால் மட்டும் வருவதில்லை. கருவாட்டுக் கடையைக் கடந்து வளர்ந்த நம்மிடம் இதை வாதாட வேண்டுமா?

மற்றோர் எதிர்வாதம் கடினமானது. உரமூட்டை ஆற்றைக் கெடுத்த வரலாற்றின் பகுதியன்றோ, அதைக் கொண்டாடலாமா? கொண்டாடச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன். நம் சோறு அவ்வுரத்தால் பெருகியது. அதே வளாகத்தின் கழிவுநீரை மீனும் மீனவரும் சுமந்தனர். இவ்விரண்டையும் ஒரே உருவில் வைத்துக் காட்ட இலையால் இயலாது. இலை தூய்மையின் குறி; மூட்டை தூய்மையை உரிமை கோருவதில்லை. அதில் அழுக்கு உண்டு, தையல் உண்டு, மேலே எடை எழுதியிருக்கிறது. ஏலூரையும் உள்ளடக்கிய ஒரு விழாவுக்கு இதைவிட நேர்மையான குறி எனக்குத் தென்படவில்லை.

இப்பயிற்சியைத் தரும் ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படிப்பீர்களாயின் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் இடுமுன் வரைவுகளை எடுத்துக்கொண்டு ஒருநாள் மட்டாஞ்சேரிச் சந்தைக்கு வாருங்கள். சரக்கு இறக்கி ஓய்ந்து சுலைமானி குடித்துக்கொண்டிருக்கும் தொழிலாளர் நால்வரிடம் அவற்றைக் காட்டுங்கள். 'இது எந்த ஊர் விழா, இதில் உங்களுக்கு இடம் உண்டா' என்ற இரு வினாக்கள் போதும். வாழையிலைக்கு அவர்கள் என்ன விடை சொல்கிறார்கள், மூட்டைக்கு என்ன சொல்கிறார்கள் என்பதை எழுதி வையுங்கள். மூட்டை தோற்றால் அதையும் கைவிட்டு, அவர்கள் சொல்லும் பொருளை வரைவோம்.